பாத்திரம் மனத்தில் இருக்கிறது, கிளாஸ் எது? மேசையில் உட்காருமுன் 14 குறிப்புகள்

டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடலாம் என்று நண்பர்கள் கூப்பிட்டிருக்கிறார்கள். உங்கள் மனத்தில் ஒரு ஆள் வந்து நின்றுவிட்டார்: படையை விட்டு ஓடிவந்த வில்லாளி, தெய்வத்தோடு கோபித்துக்கொண்ட வைத்தியச்சி, பிரபு வீட்டில் பிறந்த திருடன். விதிப்புத்தகத்தைத் திறந்தால் 12 கிளாஸ்கள், அதாவது பாத்திரம் என்னென்ன செய்ய முடியும் என்பதைத் தீர்மானிக்கும் வகைகள், வரிசையாக நிற்கின்றன. இந்த ஆள் எதில் அடங்குவார்? புதிதாக ஆட வருகிறவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். கீழே உள்ளவை 2014-இல் வெளிவந்து 2024-இல் திருத்தப்பட்ட 5-ஆம் பதிப்பை வைத்து எழுதியவை. மற்ற ஆட்டங்களுக்கும் பெரும்பாலானவை பொருந்தும்.

1. ஆளின் குணத்தை எழுதுவதற்கு முன், அவர் என்ன செய்வார் என்பதை எழுதுங்கள். "சோகமான கடந்தகாலம் உள்ளவர்" என்ற வரி நல்ல கதைக்கு உதவும். கிளாஸ் தேர்வுக்கு உதவாது. சோகம் பன்னிரண்டு கிளாஸுக்கும் பொருந்தும். அதற்குப் பதிலாக மூன்று நிலைமைகளைக் கற்பனை செய்யுங்கள். ஒரு கதவு பூட்டியிருக்கிறது. காவலன் ஒருவன் வழிமறிக்கிறான். கூட வந்தவர் அடிபட்டு விழுகிறார். ஒவ்வொன்றிலும் உங்கள் ஆளின் கை முதலில் எங்கே போகிறது? கோடரிக்கா, கம்பிக்கா, புத்தகத்துக்கா, ஜெபமாலைக்கா, அல்லது வாயைத் திறந்து பேசவே ஆரம்பித்துவிடுகிறாரா? மூன்று பதில்களையும் ஒரு தாளில் எழுதினால், பன்னிரண்டு கிளாஸ் மூன்றாகவோ நான்காகவோ குறைந்துவிடும். மாலை முழுக்க நீங்கள் மேசையில் செய்யப்போவதும் இதைத்தான். கடந்தகாலத்தை எப்போதாவதுதான் சொல்வீர்கள். கதவைத் திறப்பது ஒவ்வொரு வாரமும் வரும்.

2. கிளாஸின் பெயரைப் பாத்திரத்தின் தொழிலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ரோக் என்றால் திருடன் என்று நினைத்து அந்தப் பக்கத்தையே புரட்டாமல் விடுகிறார்கள். ரோக் உண்மையில் தருவது என்ன? முதல் லெவலிலேயே இரண்டு திறமைகளில் மற்றவர்களைவிட இருமடங்கு தேர்ச்சி, சமயம் பார்த்து அடிக்கும் ஒரு கூரிய அடி, பூட்டு திறக்கும் கருவிகளில் பழக்கம். இடிந்த கோயில்களைத் தோண்டும் ஆய்வாளர், நீதிமன்றத்துக்குத் துப்பறிபவர், அரண்மனை வைத்தியர், தூதர் வேஷத்தில் வரும் ஒற்றர் என்று எல்லோரும் இதற்குள் வருவார்கள். அதேபோல, கோயிலில் வளர்ந்தவர் எல்லாம் கிளெரிக் ஆக வேண்டியதில்லை. ஆட்டத்தில் பின்னணி என்று தனியாக ஒரு பகுதி இருக்கிறது: அகோலைட், கிரிமினல், நோபிள், சேஜ், சோல்ஜர், செய்லர் முதலியவை. ஆள் எங்கிருந்து வந்தார் என்பதைப் பின்னணியில் வையுங்கள். இப்போது என்ன செய்கிறார் என்பதைக் கிளாஸில் வையுங்கள். "பிரபு வீட்டுத் திருடன்" என்ற கரு இப்படிப் பிரித்ததுமே தீர்ந்துவிடுகிறது: நோபிள் பின்னணி, ரோக் கிளாஸ்.

3. குழப்பம் தீரவில்லையென்றால் ஆட்டத்தின் தொடக்கத்துக்குப் போய்ப் பாருங்கள். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974-இல் வெளியிட்ட முதல் பதிப்பில் மூன்றே கிளாஸ்கள்தான்: சண்டைக்காரர், மந்திரவாதி, கிளெரிக். திருடன் என்ற நான்காவது கிளாஸ் 1975-இல் 'கிரேஹாக்' என்ற துணைநூலில் சேர்ந்தது. இன்றைய பன்னிரண்டும் இந்த நான்கின் கிளைகளும் கலவைகளும் என்றே நான் பார்க்கிறேன். பேலடின் வாளும் வேண்டுதலும் சேர்ந்தது. பார்டிடம் மந்திரமும் சாமர்த்தியமும் உண்டு. ரேஞ்சரிடம் வாளும் பதுங்கலும் காட்டின் மந்திரமும் கொஞ்சம் கொஞ்சம். உங்கள் ஆளிடம் வாள், மந்திரம், வேண்டுதல், பதுங்கல் ஆகியவற்றில் முதலிடம் எதற்கு, இரண்டாமிடம் எதற்கு என்று கேட்டுப் பாருங்கள்.

4. மந்திரம் தெரிந்தவர் என்று முடிவானால், அந்த மந்திரம் அவருக்கு எப்படிக் கிடைத்தது என்று அடுத்த கேள்வி. கதையும் விதியும் ஒன்றாகப் பின்னியிருப்பது இங்கேதான். அதனால் இதில் நேரம் செலவிடுவது நல்லது. விசார்ட் படித்துக் கற்றவர். சோர்சரருக்குப் பிறப்பிலேயே வந்தது. வார்லாக் தன்னைவிடப் பெரிய ஒரு சக்தியோடு ஒப்பந்தம் போட்டவர். கிளெரிக்குக்குத் தெய்வம் தருகிறது, ட்ரூயிடுக்கு இயற்கை, பேலடினுக்குத் தன் சபதம், பார்டுக்குப் பாட்டும் சொல்லும்.

இவற்றை அலங்கார வரிகள் என்று தள்ளிவிடாதீர்கள். ஒவ்வொன்றும் மேசையில் வேறு விதமாக ஆடும். விசார்ட் ஆறு மந்திரங்கள் எழுதிய புத்தகத்தோடு தொடங்குகிறார். லெவலுக்கு இரண்டு சேரும். வழியில் கிடைக்கும் சுருளிலிருந்தோ மற்றொரு விசார்டின் புத்தகத்திலிருந்தோ நகல் எடுக்கலாம், அதற்கு மந்திரத்தின் நிலை ஒன்றுக்கு 50 பொற்காசும் 2 மணி நேரமும் ஆகும். ஆகவே பாழடைந்த நூலகம் ஒன்றைக் கண்டால் மற்றவர்களை நிறுத்திவைத்துவிட்டு உள்ளே ஓடும் ஆளாக நீங்கள் தானாகவே மாறிவிடுவீர்கள். அறிவுப் பசி உள்ள பாத்திரத்துக்கு இதைவிடப் பொருத்தம் இல்லை. சோர்சரருக்குத் தெரிந்த மந்திரங்கள் குறைவு. ஆனால் மெட்டாமேஜிக் மூலம் ஒரே மந்திரத்தை இருவர்மேல் ஏவலாம், சத்தமில்லாமல் சொல்லலாம், வேகமாக்கலாம். கற்காமலே கைக்கு வந்த சக்தி அப்படித்தான் வளைந்து கொடுக்கும். வார்லாக்கால் 2-ஆம் லெவலிலிருந்து 10 வரை ஒரு நேரத்தில் இரண்டு முறைதான் பெரிய மந்திரம் ஏவ முடியும். ஒரு மணி நேரம் ஓய்வெடுத்தால் அவை திரும்பி வந்துவிடும், மற்றவர்கள் பலர் எட்டு மணி நேரம் ஓய்வெடுத்து எழ வேண்டியிருக்கும்போது. கேட்டதும் கொடுக்கிற எஜமானன் பின்னால் இருக்கிறான் என்ற உணர்வு அந்த விதியிலேயே இருக்கிறது. ஆட்டத்தை நடத்தும் உங்கள் டன்ஜியன் மாஸ்டர் இடையில் ஓய்வே தராமல் ஓட்டுகிறவரா என்று மட்டும் முன்னதாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அப்படியானால் வார்லாக் தவிப்பார்.

5. எந்தப் பண்பு உயர்ந்து நிற்கிறது என்று பாருங்கள். ஆறு பண்புகள்: வலிமை, லாகவம், உடல்திடம், அறிவு, விவேகம், வசீகரம். வழக்கமாகத் தரப்படும் எண்கள் 15, 14, 13, 12, 10, 8. விசார்டும், பின்னால் 2019-இல் சேர்ந்த ஆர்ட்டிஃபைசரும் அறிவை நம்பி ஆடுகிறார்கள். கிளெரிக், ட்ரூயிட், ரேஞ்சர் மூவருக்கும் மந்திரம் விவேகத்தின் வழியாக வருகிறது. பார்ட், பேலடின், சோர்சரர், வார்லாக் நால்வருக்கும் வசீகரம். "யாரோடும் பேசப் பிடிக்காத, கூச்ச சுபாவமுள்ள வார்லாக்" என்று கரு வைத்தால், வசீகரம் 15 உள்ள ஆள் ஏன் கூசுகிறார் என்று ஒரு காரணம் வேண்டும். காரணம் கிடைத்தால் அருமையான பாத்திரம். கிடைக்காவிட்டால் அதே ஆளை விசார்டாக எழுதிப் பாருங்கள், பாதி சிக்கல் போய்விடும். 8 எங்கே விழுகிறது என்பதும் முக்கியம். வலிமை 8 உள்ள கிழ விசார்ட் ஒரு மூட்டையைத் தூக்கத் திணறும்போதுதான் மேசையில் எல்லோருக்கும் அவர்மேல் பிரியம் வருகிறது.

6. ஒரு கருவை எடுத்து முழுக்கப் பார்ப்போம்: வைத்தியச்சி. எல்லோரும் உடனே சொல்வது "கிளெரிக் எடு, அதில் காயம் ஆற்றும் உட்பிரிவான லைஃப் டொமைன் எடு." அவசரப்பட வேண்டாம், வைத்தியச்சி என்ற ஒரு சொல்லுக்குள் குறைந்தது நான்கு பெண்கள் இருக்கிறார்கள்.

மூலிகை பறித்து, காட்டோரம் குடிசை போட்டு, ஊரார் பயத்தோடு தேடிவரும் கிழவி என்றால் ட்ரூயிட். மூலிகைப் பெட்டியில் தேர்ச்சி கிளாஸோடே வருகிறது; குட்பெர்ரி என்ற மந்திரத்தால் பத்துப் பழங்களை உண்டாக்கி ஆளுக்கொன்றாகக் கொடுக்கலாம். ஆனால் 2-ஆம் லெவலில் விலங்கு உருவம் எடுக்கும் சக்தியும் கூடவே வரும். உங்கள் கிழவி ஓநாயாக மாறுவாளா என்பதை இப்போதே யோசித்துவிடுங்கள்.

மந்திரமே தெரியாத, கட்டும் துணியும் கத்தியும் மட்டும் வைத்திருக்கும் போர்க்கள வைத்தியச்சி என்றால் ரோக். இதைச் சொன்னால் பலர் வியப்பார்கள். மருத்துவத் திறமையில் இருமடங்கு தேர்ச்சி எடுங்கள். 2024 புத்தகத்தில் ஹெர்மிட் பின்னணி எடுத்தால் ஹீலர் என்ற ஃபீட் (கூடுதல் சிறப்புத்திறன்) முதல் லெவலிலேயே கிடைக்கிறது. ஹீலர்ஸ் கிட் ஒன்று 5 பொற்காசு, பத்து முறை பயன்படும். 3-ஆம் லெவலில் தீஃப் என்ற உட்பிரிவுக்குப் போனால், கைவேகத்தால் அந்தப் பெட்டியை, முறைக்கு ஒன்றாகக் கிடைக்கும் கூடுதல் செயலான போனஸ் ஆக்‌ஷனாகவே பயன்படுத்திவிட்டு அதே முறையில் அம்பும் விடலாம். ஓடி, குனிந்து, கட்டுப்போட்டு, நிமிர்ந்து அடிக்கும் ஒரு பெண் கண்முன் வந்துவிடுவாள்.

தாலாட்டும் கதையும் சொல்லி நோயாளியைத் தேற்றுகிறவள் என்றால் பார்ட். காயம் ஆற்றும் மந்திரங்கள் பார்டுக்கும் உண்டு.

தெய்வத்தோடு கோபித்துக்கொண்டவள்? அவளுக்குத்தான் கிளெரிக். கோபித்துக்கொண்டவள் தெய்வத்தின் சக்தியை விட்டுவிட வேண்டும் என்றுதான் தோன்றும். ஆனால் அவள் திட்டிக்கொண்டே கை நீட்டும்போதும் காயம் ஆறுகிறது, தெய்வம் இன்னும் பதில் சொல்கிறது என்றால் அந்த உறவை ஒவ்வொரு சண்டையிலும் ஆடலாம். அந்தத் தெய்வம் ஏன் அவளைக் கைவிடவில்லை என்பது டன்ஜியன் மாஸ்டருக்கு நீங்கள் கொடுக்கும் பரிசு.

7. கரு எந்த லெவலில் பலிக்கும் என்று கணக்குப் பாருங்கள். 'லாஸ்ட் மைன் ஆஃப் ஃபண்டெல்வர்' போன்ற தொடக்கக் கதைகள் 5-ஆம் லெவலோடு முடிந்துவிடும். ரோக்கின் அசாசின் உட்பிரிவு 3-இல்தான் வருகிறது. 2024 விதிப்படி எல்லாக் கிளாஸுக்கும் உட்பிரிவு 3-இல்தான். கழுகாக மாறிப் பறக்க ஆசைப்படும் ட்ரூயிட் 8-ஆம் லெவல் வரை காத்திருக்க வேண்டும். ஆகவே "என் பாத்திரம் முதல் நாளிலேயே எதைச் செய்துகாட்டும்?" என்று கேளுங்கள். நாவல்களிலும் சினிமாவிலும் பார்த்த நாயகர்களை அப்படியே கொண்டுவருகிறவர்களுக்கு இது மேலும் அவசியம். முதல் லெவல் விசார்டின் உயிர்ப்புள்ளி 6-உம் உடல்திடத்தின் கூடுதலும் மட்டுமே. அந்த நாயகரின் இருபது வயதை எழுதுங்கள்.

8. விதியைத் தொடாமல் வேஷத்தை மாற்றலாம். ஃபயர் போல்ட் என்ற மந்திரம் 120 அடி தூரம் போய் ஒரு 10 முகப் பகடை அளவுக்குத் தீக்காயம் தரும். அதை மந்திரமாகச் சொல்லாமல், ரசவாதி ஒருவர் இடுப்பிலிருந்து எடுத்து வீசும் குப்பி என்று சொல்லலாம். பார்பேரியனின் ஆவேசத்தைக் கத்தலும் உறுமலுமாக இல்லாமல், முகத்தில் உணர்ச்சியே அற்றுப்போன ஒரு பழைய வாள்வீரரின் மௌனமாகவும் காட்டலாம். நான் பார்த்த மிக நல்ல பாத்திரங்கள் பல இந்த வழியில் பிறந்தவை. ஒரே நிபந்தனை, எண்களும் தடைகளும் அப்படியே இருக்க வேண்டும். மந்திரம் செல்லாத இடத்தில் அந்தக் குப்பியும் வெடிக்காது. ஆவேசம் முதல் லெவலில் இரண்டு முறைதான், அந்த நேரத்தில் மந்திரம் சொல்ல முடியாது. வேஷத்தைக் காரணம் காட்டிக் கூடுதல் சலுகை கேட்டால் மேசையில் மனக்கசப்பு வரும்.

9. இரண்டு கிளாஸைக் கலப்பது கடைசி வழியாக இருக்கட்டும். "வாளும் தெரியும், மந்திரமும் தெரியும்" என்றதும் ஃபைட்டர் 3, விசார்ட் 2 என்று கணக்குப் போடத் தோன்றும். 5-ஆம் லெவலில் முழு ஃபைட்டர் ஒரே முறையில் இரண்டு அடி அடிக்கிறார், முழு விசார்ட் ஃபயர்பால் வீசுகிறார். கலந்தவருக்கு இரண்டும் இல்லை. கலக்க வேண்டுமானால் இரு கிளாஸின் முதன்மைப் பண்பிலும் 13 இருக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. அதே கருவுக்கு ஃபைட்டரிலேயே எல்ட்ரிச் நைட், விசார்டிலேயே பிளேட்சிங்கர் என்று உட்பிரிவுகள் இருக்கின்றன. கொஞ்சம் மந்திரம் போதுமென்றால் மேஜிக் இனிஷியேட் ஃபீட் ஒன்றே போதும்.

10. உங்களுக்கு எவ்வளவு படிக்கப் பிடிக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கிளெரிக்கும் ட்ரூயிடும் ஒவ்வொரு நாளும் தங்கள் பட்டியல் முழுவதிலிருந்தும் மந்திரங்களைத் தேர்ந்தெடுக்கலாம். சிலருக்கு அது கொண்டாட்டம், சிலருக்குப் பரீட்சை. நாள் முழுக்க வேலை செய்துவிட்டு இரவில் ஆட வருகிறவர் சாம்பியன் ஃபைட்டர் எடுத்தால் குறையே இல்லை. 3-ஆம் லெவலிலிருந்து பகடையில் 19 விழுந்தாலும் 20 விழுந்தது போலப் பலத்த அடி. விதி எளிது என்பதால் பாத்திரம் ஆழமில்லாமல் போய்விடாது. பேசுவதற்கும் நடிப்பதற்கும் மனம் ஓய்வாக இருக்கும்.

11. கதை எங்கே நடக்கிறது என்று கேளுங்கள். 2016-இல் வந்த 'கர்ஸ் ஆஃப் ஸ்ட்ராட்' இருண்ட பரோவியாவில் ரத்தக்காட்டேரியோடும் பிணங்களோடும் நடப்பது. கிளெரிக்கும் பேலடினும் அங்கே ஒளிர்வார்கள். 2018-இன் 'வாட்டர்டீப்: டிராகன் ஹைஸ்ட்' முழுக்க ஒரு நகரத்துக்குள் நடக்கிறது, காடு தெரிந்த ரேஞ்சர் அங்கே எதைத் தேடி வந்தார் என்று ஒரு காரணம் தேவைப்படும். காட்டுக்காரர் நகரத்தில் தவிப்பதே உங்கள் கருவென்றால் தாராளமாக எடுங்கள். தெரிந்து எடுப்பதும் தெரியாமல் மாட்டுவதும் வேறு வேறு.

12. உடன் ஆடுகிறவர்களிடம் பேசிவிட்டு முடிவு செய்யுங்கள். ஆட்டம் தொடங்குமுன் எல்லோரும் கூடிப் பேசும் 'செஷன் ஜீரோ' இதற்காகத்தான். யாரையும் "நம்மிடம் ஹீலர் இல்லை, நீ கிளெரிக் ஆகு" என்று கட்டாயப்படுத்த வேண்டாம். பார்ட், ட்ரூயிட், பேலடின், ரேஞ்சர் எல்லோரிடமும் காயம் ஆற்றும் வழி இருக்கிறது. தனிமை விரும்பியான கொலையாளியை மனத்தில் வைத்திருப்பவருக்கு ஒரு செய்தி: சமயம் பார்த்து அடிக்கும் ரோக்கின் அந்தக் கூரிய அடி பெரும்பாலும் விழுவது, எதிரியிடமிருந்து 5 அடிக்குள் உங்கள் தோழர் ஒருவர் நிற்கும்போதுதான். விதி உங்களைக் கூட்டத்தோடு சேர்த்தே கட்டியிருக்கிறது. யாரையும் நம்பாதவர், ஆனால் முன்னால் நிற்கும் அந்த ஒருவரை மட்டும் நம்பக் கற்றுக்கொள்கிறார் என்று கருவைச் சற்றுத் திருப்பினால் கதையும் விதியும் ஒரே திசையில் போகும்.

13. எந்தக் கிளாஸிலும் அடங்கவில்லையென்றால், கரு வேறொரு ஆட்டத்துக்கு உரியதாக இருக்கலாம். 1920-களின் நூலகர் ஒருவர் விபரீதமான ஒன்றைக் கண்டுபிடிக்கும் கதைக்கு 'கால் ஆஃப் கத்துலு' (1981) இருக்கிறது. அதில் கிளாஸே கிடையாது, தொழிலும் திறமைகளும்தான். விண்வெளிக் கப்பலில் ஓய்வுபெற்ற அதிகாரிக்கு 'டிராவலர்' (1977): பாத்திரம் உருவாக்கும்போதே அவர் வாழ்ந்த பணிக்காலங்களை ஒவ்வொன்றாகப் பகடை போட்டு வாழ்ந்து பார்ப்பீர்கள். ஒன்றுமில்லாததிலிருந்து தொடங்கிப் புள்ளிகளைக் கொண்டு ஆளைக் கட்ட 'கர்ப்ஸ்' (1986). கொள்ளைக்கூட்டத்தார் கதைக்கு 'பிளேட்ஸ் இன் த டார்க்'. பொருந்தாத கருவை வெட்டி வெட்டி ஒரு கிளாஸுக்குள் திணிப்பதைவிட, அதைப் பத்திரமாக எழுதிவைத்து அடுத்த ஆட்டத்துக்குக் கொண்டுபோவது நல்லது.

14. இரண்டு கிளாஸ்களுக்கிடையே மனம் ஊசலாடினால் இரண்டையும் எழுதிப் பாருங்கள். 5-ஆம் பதிப்பின் அடிப்படை விதித்தொகுப்பு 2023 முதல் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பன்னிரண்டு கிளாஸும், ஒவ்வொன்றுக்கும் ஓர் உட்பிரிவும் அதில் உண்டு. ஒரே ஆளை இரண்டு தாளில் எழுதி, நான்கு கோப்ளின்களோடு மூன்று சுற்று சண்டையும், ஒரு சத்திரக்காரரோடு ஒரு பேரமும் தனியாக ஆடிப் பாருங்கள். எந்தத் தாளைப் பார்க்கும்போது "அடுத்து இதைச் செய்வார்" என்று யோசிக்காமலே தோன்றுகிறதோ அதை எடுங்கள். பிறகு டன்ஜியன் மாஸ்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவையுங்கள்: முதல் இரண்டு மூன்று அமர்வுகளுக்குள் ஒத்துவரவில்லையென்றால் பெயரையும் கதையையும் வைத்துக்கொண்டு கிளாஸை மட்டும் மாற்றலாமா என்று. பெரும்பாலானவர்கள் சம்மதிப்பார்கள்.